அட்டையை நீட்டினால் வரிசை விலக வேண்டுமா?

கேள்வி: நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 வருடம் இருந்து 2008-இல் ஹவில்தாராக வெளியே வந்தவன். வயது 61. ஆவடியில் வீடு. காஷ்மீரில் ரோந்து போனபோது பனியில் சறுக்கி விழுந்து வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. வயது ஏற ஏற வலி தாங்கவில்லை. போன மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குப் போனேன். எனக்கு முன்னால் எழுபது எண்பது பேர். முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டி முன்னால் விடச் சொன்னேன். டோக்கன் கொடுப்பவர் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் முதலில் நின்ற அம்மா, "நான் காலைல அஞ்சு மணிக்கே வந்தேன் சார், எனக்கும் கால்தான் வலிக்குது" என்றார். துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பின்னால் நின்ற ஒரு பையன், "அதான் பென்ஷன், கேன்டீன்னு எல்லாம் வாங்குறீங்களே" என்றான். வைத்தியம் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். 24 வருடம் கொடுத்தவனுக்கு அரைமணி நேரம் விட்டுத்தர மாட்டார்களா? சட்டப்படி எனக்கு முன்னுரிமை உண்டா, இல்லையா? (டிஸ்சார்ஜ் ஆகும்போது மெடிக்கல் போர்டில் 20 சதவீத ஊனம் என்று எழுதினார்கள். என்.ஏ.என்.ஏ., அதாவது பணியால் வந்ததல்ல, என்று போட்டுவிட்டதால் ஊனத்துக்கு ஓய்வூதியம் ஒன்றும் வரவில்லை. அது பழைய கதை.)

பதில்:

அன்புள்ள ஹவில்தார் ஐயா,

உங்கள் கடிதத்தை முதலில் என் குமாஸ்தாவிடம்தான் கொடுத்தேன். முப்பது வருடமாக உயர் நீதிமன்ற வளாகத்தில் கட்டு தூக்குபவர், நியாயம் பேசுவதில் பல வக்கீல்களைவிடத் தேர்ந்தவர். படித்துவிட்டு, "அந்தம்மா சொன்னதும் சரிதானே" என்றார். டீ குடித்துவிட்டு வந்து, "இவரும் பாவம்தான்" என்றார். நானும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு வாரம் கிடந்தேன்.

கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் என்ற ஒரே காரணத்துக்காக அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் முன்னால் விட வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் கிடையாது. அந்த டோக்கன்காரர் உங்களை மறுத்திருந்தாலும் சட்டம் மீறியவர் ஆகமாட்டார். உங்கள் மனம் புண்பட்டது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டம் உங்களைக் கண்டுகொள்ளவே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மத்திய அரசுப் பணிகளில் குரூப் சி-யில் 10 சதவீதமும் பழைய குரூப் டி-யில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவத்துக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, ஆட்சியர் தனியாகக் குறைதீர் கூட்டம் நடத்துகிறார். இவற்றையெல்லாம் நீதிமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால் நிற்குமா? நிற்கும். அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு எல்லோரையும் ஒன்றாக நடத்தச் சொல்கிறது, ஆனால் தகுந்த காரணத்தோடு சிலரைத் தனியாகப் பிரிப்பதைத் தடுக்கவில்லை. 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோலைச் சொன்னது: பிரித்ததற்குத் தெளிவான அடையாளம் இருக்க வேண்டும், அப்படிப் பிரித்ததற்கும் எட்ட நினைக்கும் நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பாதியை வைத்து உங்கள் விஷயத்தைப் பாருங்கள். வேலையில் ஏன் இடஒதுக்கீடு? சிப்பாய்களையும் ஹவில்தார்களையும் ராணுவம் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் வெளியே அனுப்பிவிடுகிறது. கூடப் படித்தவன் அதற்குள் ஆபீஸில் சூப்பிரண்டு ஆகியிருப்பான், இவர் புதிதாக வேலை தேட வேண்டும். பட்டாளம் பறித்ததும் அரசு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. புறநோயாளி வரிசையில் அந்தப் பொருத்தம் எங்கே? சர்க்கரைக்கு மாத்திரை வாங்க நிற்கும் முன்னாள் சிப்பாய்க்கும், அதே மாத்திரைக்கு நிற்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அந்த நேரத்தில் என்ன வித்தியாசம்? மரியாதையைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மரியாதை என்பது பக்கத்தில் நிற்பவர் தானாகக் கொடுப்பது. அட்டையைக் காட்டி வாங்கினால் அது டோக்கன் ஆகிவிடுகிறது.

வக்கீலான என்னிடம் வழக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் மிலிட்டரிக்காரர்கள், அதனால் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படப் போகிறவர்கள் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியும். சுங்கச்சாவடிச் சண்டை ஒன்றே போதும். பரனூரிலோ வேறெங்கோ அட்டையைக் காட்டி, கம்பியைத் தூக்கச் சொல்லி, தகராறாகி, என்னைப் போனில் கூப்பிடுவார்கள். விலக்கு தருகிற சட்டம் 1901-ஆம் வருடத்தது. அது பணியில் இருப்பவர் பணி நிமித்தமாகப் போவதற்கானது, ஓய்வு பெற்றவருக்கு இல்லை. பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா வாங்கியவர்களுக்கு 2008-ஆம் வருடத்து நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் தனி விலக்கு உண்டு. இதைச் சொன்னால், "நாங்க மட்டும் என்ன சும்மாவா இருந்தோம்" என்று கேட்பார்கள். சும்மா இருந்ததாக யாரும் சொல்லவில்லை. காரணமும் சலுகையும் எங்கே சேர வேண்டும் என்பதுதான் பேச்சு.

இதே கேள்வியை வெளிநாடுகளில் எப்படித் தீர்த்தார்கள் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்குக்கு அது பொருந்துகிறது. அமெரிக்காவில் 1944-இல் முன்னாள் வீரர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. மாநிலங்கள் சில அதைவிடத் தாராளமாகப் போயின. மாசசூசெட்ஸில் தேர்வில் தேறிய முன்னாள் வீரர் எல்லோரையும் மற்ற எல்லோருக்கும் மேலே வைத்துவிடுவார்கள். ஹெலன் ஃபீனி என்ற அரசு ஊழியர் 1971-இல் பல் மருத்துவ வாரியத்தில் ஒரு பதவிக்குத் தேர்வெழுதி இரண்டாவது மதிப்பெண் வாங்கினார். பட்டியலில் அவர் பெயர் ஆறாவதாக வந்தது, மேலே ஐந்து பேரும் முன்னாள் வீரர்கள், ஐவரும் ஆண்கள். அந்த மாநிலத்தில் முன்னாள் வீரர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் ஆண்கள்தான் என்பதால், மேல் பதவிகளுக்குப் பெண்கள் வர வழியே இல்லாமல் போனது. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டம் செல்லும், சரி. அதற்கான விலையை அந்த அம்மாள் கொடுத்தார் என்பதும் உண்மைதானே. ஒருவரை முன்னால் விட்டால் பின்னால் தள்ளப்படுபவர் அரசாங்கம் அல்ல, வரிசையில் நிற்கும் இன்னொருவர்.

பிரிட்டன் வேறு மாதிரி யோசித்தது. அங்கே போரில் காயம்பட்டு ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் 1953 முதலே முன்னுரிமை உண்டு. பிற்பாடு அதை எல்லா முன்னாள் வீரர்களுக்கும் விரித்தார்கள், ஆனால் இரண்டு கட்டுப்பாடுகளோடு. நோய் ராணுவப் பணியால் வந்ததாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும், அவரைவிட அவசரமான நோயாளி ஒருவர் இருந்தால் அவருக்குத்தான் முதலிடம். முழங்கால் குண்டு பட்டுக் கெட்டதென்றால் முன்னால் போகலாம், அதே ஆளுக்குக் கண்புரை என்றால் எல்லோரோடும் நிற்க வேண்டும். 2011-இல் சட்டத்தில் ஏறிய அவர்களுடைய படைவீரர் உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: பட்டாளத்தில் இருந்ததால் யாரும் மற்றவர்களைவிடப் பின்தங்கிப் போகக் கூடாது, காயம்பட்டவருக்கும் ஆளை இழந்த குடும்பத்துக்கும் மட்டும் தனிக் கவனம் இருக்கலாம். என் கருத்தும் ஏறக்குறைய இதுதான். உடுப்புக்கு முன்னுரிமை வேண்டாம், உடுப்பால் வந்த காயத்துக்கும் இழப்புக்கும் கட்டாயம் வேண்டும்.

இழப்பு என்றால் கை கால் மட்டும் இல்லை. நம் நாட்டிலேயே 1925-இல் ஒரு சட்டம் போட்டார்கள், படைவீரர் வழக்குச் சட்டம். போர்முனை போன்ற இடங்களில் இருக்கும் வீரர்மேல் ஊரில் யாராவது வழக்குப் போட்டால், அவர் இல்லாத நேரம் பார்த்துத் தீர்ப்பு வாங்கிவிடக் கூடாது, நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது. நீ ஊரில் இல்லாததற்குக் காரணம் நாங்கள், அதனால் அந்த நஷ்டம் உன் தலையில் விழக் கூடாது. இருபது வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வருபவருக்குப் பட்டா மாறியிருக்கும், எல்லைக்கல் நகர்ந்திருக்கும், தாலுகா ஆபீஸில் ஒரு முகமும் தெரியாது. அங்கே அவர் மனுவை முதலில் எடுங்கள் என்று நானே வாதாடுவேன்.

கணவன் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் பெண்களுக்காக இன்னும் உரக்க வாதாடுவேன். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.-வில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் இல்லை. கல்யாணம் ஆனதை ராணுவப் பதிவேட்டுக்கான பார்ட் டூ ஆர்டரில் ஏற்றவே மறந்திருப்பார் அந்த மனுஷன். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியாமல் எழுபது வயதில் பேரனைக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். முன்னுரிமை என்ற சொல்லை நாம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

அந்தப் பையன் கேன்டீன் என்று குத்திக்காட்டியதற்கு ஒன்று சொல்கிறேன். அவனுக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. வீரர்களுடைய அடிப்படை உரிமைகளையே குறைத்துக்கொள்ள 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது, போ என்ற இடத்துக்குப் போக வேண்டும். மற்ற ஊழியர்கள் கொடி பிடித்து வாங்கிய உரிமைகளை நீங்கள் கேட்டு வாங்க வழியில்லை என்பதால்தான் அரசு தானாகச் சிலவற்றைத் தர வேண்டியிருக்கிறது. அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? இந்த நாட்டில் கழிவுநீர்க் குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் தரச் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. குழியில் இறங்குவதை மனிதர்கள் நிறுத்தியிருந்தால் அந்தத் தொகையை உயர்த்த வேலையே இருந்திருக்காது. உயிரைப் பணயம் வைத்து ஊருக்கு வேலை செய்தவர்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் அந்த வரிசையிலேயே பாதிப்பேர் தேறுவார்கள்.

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே நிற்கும் நம் பெரிய ஆஸ்பத்திரியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். 1664-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக ஆரம்பித்த இடம் அது. இப்போதைய இடத்துக்கு 1772-இல் வந்தது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1842-இல்தான். நூற்றெழுபது வருடத்துக்கும் மேலாக அங்கே கம்பெனி ஆட்களின் வரிசைதான் இருந்தது, ஊர்க்காரன் வெளியே நின்றான். இன்றைக்கு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புகிறார்கள். மூச்சு நிற்கப் போகிறவனுக்குச் சிவப்பு. அவன் யார், என்ன அட்டை வைத்திருக்கிறான் என்று கேட்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் நான்கு வருடத்தில் வெளியே வந்துவிடுவார்கள், அவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அட்டைதான் வரிசையைத் தீர்மானிக்கும் என்றால், ஒரே பனியில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்பார்கள்.

இனி உங்கள் வேலை. இரண்டு காரியம் இருக்கிறது, முதலாவது சின்னது.

உங்களுக்கு 61 வயது, அந்த அம்மாவுக்கு அதைவிடக் கூட. 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, 60 வயது ஆனவர்களுக்கு மருத்துவ வசதியில் தனி வரிசை இருப்பதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. முழங்கால் குறைபாட்டுக்கு அரசு மருத்துவக் குழுவிடம் சான்று வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை எடுத்துவிட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 25-ஆவது பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை என்றே சொல்கிறது. நீங்கள் காட்ட வேண்டிய அட்டைகள் இவை. நீங்களும் அந்த அம்மாவும் மல்லுக்கு நின்றதே, உங்கள் இருவருக்கும் சேர்த்துச் சட்டம் கொடுத்த தனி வரிசையை அங்கே யாரும் போடாததால்தான். மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.-வுக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள், 20-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு. பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். மனுவில் முன்னாள் ஹவில்தார் என்று கையெழுத்துப் போடுங்கள், அதில் தவறே இல்லை. உங்கள் அட்டைக்கு அங்கே நல்ல உபயோகம் இருக்கிறது.

இரண்டாவதுதான் பெரிது. கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள், பழைய கதை என்று நீங்கள் ஒதுக்கிய வரியை நான் நான்கு தடவை படித்தேன். அரைமணி நேர வரிசைக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 17 வருடமாக வராத ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் முன்னால் நிற்க வேண்டிய வரிசை அது.

என்.ஏ.என்.ஏ. என்றால் பணியால் வரவும் இல்லை, பணியால் கூடவும் இல்லை என்று அர்த்தம். ரோந்தில் விழுந்து கிழிந்த ஜவ்வுக்கு இப்படி எழுதியிருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் காயம் பட்டதைப் பதிவு செய்யும் இன்ஜுரி ரிப்போர்ட் போர்டு முன்னால் வந்திருக்காது. சேரும்போது உடல் தகுதியோடு சேர்ந்து, அப்போது எந்தக் குறையும் எழுதப்படாமல் இருந்தால், பிறகு வந்த குறைபாடு பணியால் வந்தது என்றே கருத வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நோய் சம்பந்தப்பட்ட வழக்கு. உங்களுடையது பணியின்போதே பட்ட அடி, இன்னும் வலுவானது. அடுத்து, 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் ஊனச் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பானது. 20 இருந்தால் 50 என்று எடுத்துக்கொள்வார்கள். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, ஆக உங்களுக்கு 15 சதவீதம், சாகும்வரை. போர்டு தாளில் 20 என்றே இருக்கிறதா என்று மட்டும் முதலில் உறுதி செய்ய வேண்டும். 19 என்று இருந்தால் பாதை மாறிவிடும்.

இத்தனை வருடம் கழித்தா என்று கேட்பீர்கள். ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படுவதால், தாமதம் உரிமையையே கொன்றுவிடாது. 2008-இல் தர்செம் சிங் வழக்கில் சொன்னபடி பாக்கித் தொகை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நின்றுவிடும். அதனால் இன்னும் ஒரு வருடம் யோசித்தால் ஒரு வருடப் பணம் போகும்.

வெலிங்டன் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகலையும் இன்ஜுரி ரிப்போர்ட்டையும் கேளுங்கள். கூடவே, என்.ஏ.என்.ஏ. என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீட்டை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். உங்களோடு அன்று ரோந்தில் இருந்த யாராவது உயிரோடு இருந்தால், ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். இந்த மாதிரி வழக்குகளில் நாயக் பதவியில் இருந்த ஒரு பழைய வீரரின் கையெழுத்து பெரிய வேலை செய்திருக்கிறது. மறுத்தாலோ ஆறு மாதம் பதில் இல்லாமல் கிடந்தாலோ, ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் தாமத மன்னிப்பு மனுவோடு வழக்குப் போடலாம். ஜெயித்தாலும் அரசு மேல்முறையீட்டுக்குப் போகும் பழக்கம் உண்டு, அதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள்.

இடையில் முழங்காலைப் பார்க்காமல் விடாதீர்கள். 2008-இல் வெளியே வந்தவர் என்பதால் இ.சி.எச்.எஸ். உறுப்பினர்தான் நீங்கள். பாலிகிளினிக்கில் எலும்பு மருத்துவர் வரும் நாளைக் கேட்டுப் போய், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் கூட்டம் இருக்கும், எல்லோரும் உங்களைப் போன்ற மிலிட்டரிக்காரர்களாகவே இருப்பார்கள், யாரிடமும் அட்டையைக் காட்ட முடியாது.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடிக்கல் கேட்டகரி எழுதிய பக்கத்தையும் பி.பி.ஓ.-வையும் நகலெடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். மேல்முறையீட்டு வரைவை நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். குமாஸ்தா மட்டும் டீக்குக் கேட்பார்.